இறக்கத்தில் அணைத்த எஞ்சின்

என் கணவர் பேசாத மனிதர். கோபக்காரர் இல்லை, சிடுமூஞ்சியும் இல்லை. பேச வேண்டிய இடத்தில் "ம்" என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக நம்புகிறவர். கல்யாணமான புதிதில் இதற்காகவே நான் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டிருக்கிறேன். சண்டைக்கும் "ம்"தான் பதில். சுவரோடு சண்டை போட்டால் கையாவது வலிக்கும், இவரோடு போட்டால் அதுகூட இல்லை. பிறகு நானே களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

அவர் பேசியது ஒரே இடத்தில்தான். எங்கள் பழைய ஜப்பான் காரில், இறக்கத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வரும்போது.

அந்தப் பழக்கம் பெற்றோல் வரிசைக் காலத்தில் தொடங்கியது. நான் பசறைக்கு அப்பால், லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வீடு பதுளையில். அவர் அப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். பெற்றோல் மருந்து மாதிரி துளித்துளியாகக் கிடைத்த நாட்கள் அவை. மலையில் ஏறும்போது எஞ்சின் வேண்டும், இறங்கும்போது எதற்கு என்று எங்கள் பக்கம் எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள். திரிவீல்காரர், வான்காரர், மரக்கறி லொறிக்காரர் எல்லோரும் இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டுச் சாவியைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தார். அடியில் சமதரை வந்ததும் சாவியைப் போட்டு, இரண்டாவது கியரைத் தட்டி, கிளட்சை விடுவார். கார் ஒரு குலுக்குக் குலுக்கும், பின்னால் 'டப்' என்று ஒரு வெடி வெடிக்கும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த வெடிக்கு நான் ஒவ்வொரு நாளும் திடுக்கிடுவேன், அவர் ஒவ்வொரு நாளும் சிரிப்பார்.

எஞ்சின் அணைந்ததும் வேறு உலகம். கண்ணாடியை இறக்கிவிட்டால் பாதையோரக் கானில் ஓடுகிற தண்ணீர் கேட்கும். எங்கோ கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்கும். டயர் தரையில் போகிற சரசரப்பு. அந்த அமைதியில் என்ன மாயம் இருந்ததோ தெரியாது, இந்த மனிதர் வாயைத் திறப்பார். சின்ன வயதில் தொழிற்சாலை இருட்டைக் கண்டு பயந்ததைச் சொல்லுவார். மகளுக்கென்று ஒரு அறை கட்ட வேண்டும், சன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்பார். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதைக்கூட, அதை ஆறேழு வருடம் ஆக்கிப் போட்ட பிறகு, அந்த இறக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏங்க, இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"நீ ஆசையா ஆக்குற டீச்சர். எப்படிச் சொல்றது?" என்றார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், வீட்டிலும்.

வீட்டுக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். மாமியார், மகள், தொலைக்காட்சி, வந்து போகிற சொந்தக்காரர்கள். அவர் மறுபடியும் "ம்" மனிதராகிவிடுவார். ஆக, எனக்கென்று கிடைத்த கணவர் அந்த இறக்கத்தின் நீளத்துக்குத்தான் இருந்தார். அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று மலையைக் கூட நொந்துகொண்டிருக்கிறேன்.

பிறகு தொழிற்சாலையில் வேலை நாள் குறைந்தது. பொருள் விலை ஏறியது. ஊரில் பாதிப் பேர் கிளம்பிய மாதிரி அவரும் கட்டாருக்குக் கிளம்பினார். போகும்போது காரின் சாவியை என் கையில் கொடுத்து, "ஓட்டிக்கிட்டே இரு, நிப்பாட்டி வச்சா வீணாப் போயிரும்" என்றார். பிரிகிற நேரத்தில் அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

தினமும் கூப்பிடுவார். போனில் முகம் தெரியும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, இல்ல, சரி, வைக்கவா. முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் இருப்பதைவிட முகமே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அவருடைய நெற்றியில் புதிதாக ஒரு சுருக்கம் விழுந்திருப்பதை அந்தச் சின்னத் திரையில்தான் கவனித்தேன். தொட முடியாத இடத்தில் இருந்தது.

அவர் போன பிறகு அந்தப் பழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கி வெகுநாளான பிறகும் இறக்கம் வந்தால் என் கை சாவிக்குப் போகும். யாராவது கேட்டால் சிக்கனம் என்பேன். சிக்கனமும் இல்லை, ஒன்றும் இல்லை. எஞ்சின் அணைந்து அந்த அமைதி வந்ததும் பக்கத்து ஆசனத்தில் அவர் இருப்பது போல இருக்கும். அவ்வளவுதான். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாகிப் போகும், இரண்டு மிதிக்கு மேல் கேட்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தேன், ஏனென்றால் வேறு எங்கேயும் அவர் எனக்குக் கிடைக்கவில்லை.

அவருக்கு லீவு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறார் என்று தெரிந்த வாரத்தில்தான் ஒரு நெருப்பு பிடித்தது.

எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் போன் சிக்னல் ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். அவர் இடைவேளையில் கூப்பிடுகிற நேரமும் நான் பாடசாலை விட்டு வருகிற நேரமும் ஒத்து வருவதால், நான் அந்த வளைவில் காரை ஒதுக்கிக் காத்திருப்பது வழக்கம். அன்றும் மேலிருந்து எஞ்சினை அணைத்து உருண்டு வந்தேன். நடுவில் சமதரையில் ஒரு தரம் ஸ்டார்ட் செய்யப் பார்த்து அது பிடிக்காமல் போக, மறுபடி உருட்டி, மறுபடி 'டப்'. இரண்டு மூன்று வெடிக்குப் பிறகு பிடித்துக்கொண்டது. வளைவில் பாதையை அடைக்காமல் இருக்கட்டும் என்று மானாப்புல்லின் மேலேயே ஏற்றி நிறுத்தினேன். ஊவாப் பக்கம் காற்று காய்ந்து வீசுகிற மாதம். புல் முழங்கால் உயரத்தில் வைக்கோலாக நின்றது.

அவர் முகம் திரையில் வந்தது. "எந்த பிளைட்டுன்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் ஆளே பூரித்துப்போய், "நானே ஏர்போட்டுக்கு வாறேன், நம்ம கார்லயே. யாரும் வேணாம். நீங்களும் நானும் மட்டும்" என்றேன். அதைச் சொல்லவேண்டும் என்று எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அவர் எல்லோருக்கும் சொந்தம். கட்டுநாயக்கவிலிருந்து பதுளை வரைக்குமாவது எனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

அவர் பதில் சொல்வதற்குள் பொசுங்குகிற நாற்றம் வந்தது. பிறகு புகை. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் காருக்கு அடியில் புல் எரிகிறது.

நான் கத்தியிருக்க வேண்டும். மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி காரைத் தள்ளச் சொன்னாள். நாலைந்து பேர் சேர்ந்து தார்ப் பாதைக்குத் தள்ளிவிட்டோம். மற்றவர்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கானில் நனைத்து, புல்லை அடி அடியென்று அடித்து அணைத்தார்கள். காற்று மட்டும் மேல் பக்கம் திரும்பியிருந்தால் ஒரு மலைத் தேயிலை போயிருக்கும்.

எல்லாம் அடங்கியதும் அவர்களில் மூத்தவள் படங்கைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "டீச்சரம்மா, காருக்கு அடியில அடுப்பா வச்சிருக்கீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். போன் ஆசனத்தில் கிடந்தபடி, "என்ன சத்தம்? என்ன சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன்.

பதுளையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். கார் வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறவர். காரைத் தூக்கி அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"டீச்சர், இறக்கத்துல சாவிய ஓஃப் பண்றதா?" என்றார். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

சைலன்சருக்கு முன்னால், குழாயின் நடுவில், ஒரு பெட்டி இருக்கிறது. கொன்வேட்டர் என்றார். எஞ்சினிலிருந்து வருகிற நச்சுப் புகையை உள்ளே வாங்கி, தன் சூட்டில் அதைச் சுத்தமாக்கி வெளியே விடுவது அதன் வேலை. அது எப்போதுமே சூடாகத்தான் இருக்கும், அதனால்தான் காய்ந்த புல்லிலோ சருகிலோ நிறுத்தக் கூடாது. நம்முடைய மாதிரிப் பழைய காரில், சாவியைப் போட்டு வைத்துக்கொண்டு உருட்டி உருட்டி ஸ்டார்ட் செய்தால், எரியாத பெற்றோல் பச்சையாக அந்தப் பெட்டிக்குள் போய்விடும்.

"எஞ்சினுக்குள்ள எரிய வேண்டியது இதுக்குள்ள வந்து எரியுது. நீங்க கேட்ட 'டப்' சத்தம் அதுதான். அப்ப இந்தப் பெட்டி பழுத்த இரும்பு மாதிரி செவந்து போகும். பிளக்கும் மாத்தி எவ்வளவு காலம்? அதுவும் ஒழுங்கா எரிக்கல்ல."

பெட்டியைக் கழற்றி வெட்டிக் காட்டினார். உள்ளே தேனடை மாதிரிச் சின்னச் சின்னக் கண்ணாக இருக்க வேண்டியதாம். பாதி உருகி, அடிப்பிடித்த பாகு போல இறுகிக் கிடந்தது. அவரும் நானுமாக உருண்டு வந்த அத்தனை சாயங்காலமும் அதற்குள் போய் இறுகியிருந்தது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கராஜில் நின்று ஒரு புகைக்குழாய்க்காக அழுத ஆசிரியை பதுளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நானா அதைப் பார்க்காத மாதிரித் துணியில் கையைத் துடைத்தார். "இதுக்குப் போய் யோசிக்கவா? வெறும் குழாய் ஒண்டு ஒட்டித் தாறேன். எல்லாரும் அதுதான் செய்றாங்க. புகைச் சோதனைக்குப் போற அண்டைக்கு மட்டும் எரவலுக்கு ஒரு நல்ல பெட்டி பூட்டுவோம். பொறகு கழட்டுவோம்."

காரின் வருட லைசன்ஸ் முடியப்போகிறது. புகைச் சோதனையில் தேறினால்தான் புதிது கிடைக்கும். அது இல்லாமல் கொழும்புப் பாதையில் போனால் முதல் பொலிஸ்காரரே கையைக் காட்டுவார். நானா சொன்னபடி செய்தால் இரண்டு நாளில் வேலை முடியும். ஆனால் என் பாடசாலைப் பிள்ளைகள் லயத்து வீடுகளிலிருந்து மேலே ஏறி வரும்போது, முதல் கியரில் முக்கிக்கொண்டு போகிற என் காரின் புகைக்குப் பின்னால்தான் நடந்து வருவார்கள். அவர்களுக்கு முன்னால் போய் வகுப்பில் நின்றுகொண்டு சுற்றாடலைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவளும் நான்தான். ஒரு நாள் மட்டும் நல்ல பிள்ளையாக நடிக்க எனக்கு வராது.

"நல்லதே போடுங்க நானா. எப்ப வரும்?"

"கொழும்பால வரணும். ஒரு கிழமை, பத்து நாள். சொல்ல ஏலாது."

"அவரு வந்துருவாரே நானா."

"வந்தா வான் ஒண்டு புடிச்சிப் போறதுதானே."

வான் பிடித்தால் சாரதி இருப்பார். சாரதி இருந்தால் மாமியார், வான்தானே, நானும் வருகிறேன் என்பார். மாமியார் வந்தால் மகள் வராமல் இருப்பாளா? பிறகு நானும் கூட்டத்தில் ஒருத்தியாகக் கை காட்டிவிட்டு, அவர் "ம்" சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரவேண்டியதுதான். இதையெல்லாம் நானாவிடம் சொல்ல முடியுமா? எப்படியாவது சீக்கிரம் எடுத்துத் தாருங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். பெருமையெல்லாம் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் பஸ்ஸில் போய் வந்தேன். பின்னேரங்களில் கராஜ் பக்கமாக வந்து, ஒன்றும் கேட்காமல் வாசலில் நிற்பேன். நானா இல்லையென்று தலையை ஆட்டுவார், நான் வீட்டுக்குப் போவேன். ஒரு சனிக்கிழமை அவர் தலையை ஆட்டவில்லை, பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அன்றே பூட்டி, பிளக் மாற்றி, எயார் பில்டரையும் புதிதாகப் போட்டார். சோதனை நிலையத்தில் பின் குழாய்க்குள் கம்பியை விட்டு எஞ்சினை உறுமவிட்டபோது, சோதனை வகுப்புப் பிள்ளை மாதிரி எனக்கு உள்ளங்கை வேர்த்தது. தேறிவிட்டது.

நானா சாவியைத் தரும்போது உடனே தரவில்லை. "டீச்சர், இனி இறக்கத்துல எஞ்சினை ஓஃப் பண்ணமாட்டேன்னு சொல்லுங்க. செகண்ட் கியர்ல போட்டு, எஞ்சின் ஓடிக்கிட்டே எறங்கணும். உருட்டி ஸ்டார்ட் பண்றதும் வேணாம். பெட்டரி எறங்கினா எனக்கு கோல் எடுங்க. இல்லாட்டி இந்தப் பெட்டியும் போகும். பிரேக்கை நம்பி நீங்களும் போவீங்க."

"சரி நானா" என்றேன். காரைக் காப்பாற்றப் போய், எதற்காகக் காப்பாற்றினேனோ அதைக் கையால் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

முந்தின நாளே போய்க் கொழும்பில் தங்கை வீட்டில் தங்கி, காலையில் கட்டுநாயக்கவில் நின்றேன். அவர் வெளியே வந்தார். கறுத்து, மெலிந்து, சட்டை ஒரு அளவு பெரிதாகித் தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதலில் காரைத்தான் தடவினார். எனக்குப் பொறாமை வந்தது, சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார்.

நான்தான் ஓட்டினேன். அவர் பலாங்கொடை வரைக்கும் தூங்கினார். தூங்குகிற மனிதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பாதுகாப்பானது இல்லைதான். மலை ஏற ஏற எழுந்துவிட்டார். அப்புத்தளையில் மூடுபனிக்குள் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, குளிரை ஏதோ தின்பண்டம் மாதிரி மூச்சால் இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சு மட்டும் இல்லை. பரவாயில்லை, இறக்கம் இன்னும் வரவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பண்டாரவளை தாண்டி, பாதை பதுளையை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவருடைய கை, யோசிக்காமலே, சாவியை நோக்கி வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாங்க. கொன்வேட்டர் போயிரும்."

"என்னா போயிரும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைப் பெற்றோல், உருகின தேனடை, மானாப்புல், படங்கு. மாடு வரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "ஒனக்கு ஒன்னும் ஆகலியே?" என்றார். பிறகு, "இப்ப மெக்கானிக் வேலையும் பாக்குறியா டீச்சர்" என்று கேலியாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். அவ்வளவுதான். இரண்டாவது கியரில் எஞ்சின் இழுத்துப் பிடித்து முனகிக்கொண்டே இறங்கியது. நான் மகளைப் பற்றிச் சொன்னேன், அங்கே சமையல் யார் என்று கேட்டேன், அறையில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ம்." "மாறி மாறி." "ஆறு பேர்." தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. மலை தன்பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பாதைக்காகத்தானே இத்தனை நாள் ஓடினேன்.

ஹாலிஎலைக்குக் கொஞ்சம் மேலே, கல் கொட்டிய அகலமான இடம் ஒன்று வந்தது. புல் இல்லை, சருகு இல்லை. ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, நானே சாவியைத் திருப்பினேன்.

அமைதி வந்தது. பொழுது சாய்ந்து, கீழே பதுளைப் பக்கம் ஒன்றிரண்டு விளக்குகள் தெரிந்தன. அவர் என்னைப் பார்க்காமல் முன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"அங்க எறக்கமே இல்ல டீச்சர். எங்க பாத்தாலும் தட்டத் தரை. மொதல்ல ராத்திரியில தூக்கமே வராது. தண்ணி ஓடுற சத்தம் இல்லாம எனக்குத் தூங்கத் தெரியாதுன்னு அங்க போய்த்தான் தெரிஞ்சிச்சு."

நான் என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினேன்.

"போன்ல ஒன்னயப் பாத்தா சொல்ல நெறைய வரும். ஆறு பேரு கேட்டுக்கிட்டு இருப்பானுங்க. அதான் சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிருவேன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல்களில் காய்ப்புக் காய்த்திருந்தது. அதே குரலில், "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டுத்தான் வந்தேன். வீட்டுல வச்சிச் சொல்ல முடியாது. ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார்.

நான் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. அவர் பேச வேண்டும் என்று கேட்டவள் நான்தான், பேசியும் விட்டார். கீழே விளக்குகள் கூடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் அடியில் மாமியார் சோற்றை வடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், மகள் உடுப்பு மாற்றிக்கொண்டு காத்திருப்பாள்.

"போவோமா? தேடுவாங்க" என்றார் அவர்.

"கொஞ்சம் இருங்க. எஞ்சின் சூடு ஆறட்டும்" என்றேன்.

இவ்வளவு தூரம் இறக்கத்தில் வந்த எஞ்சினுக்கு ஆற வேண்டிய சூடு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். "ம்" என்றார்.